இரண்டாம் பாகமா, புதுக்கதையா?

(சங்கத்தின் ஆண்டுக் கூடலில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேசக் கூப்பிட்டபோது, தலைப்பை மாணவர்களே கொடுக்கட்டும் என்றேன். கொடுத்துவிட்டார்கள். "சினிமாவிலும் வீடியோ கேமிலும் ஏன் சார் எல்லாமே பார்ட் டூ, பார்ட் த்ரீயா வருது? புதுசா யோசிக்க ஆளே இல்லையா?" கேட்டவர்களில் சிலர் அந்தத் தொழிலுக்கே போக நினைப்பவர்கள். ஆகவே அவர்களுக்கு இது பிழைப்பைப் பற்றிய கேள்வி.

புகார் நியாயமானதுதான். 2024-இல் உலக அளவில் அதிகம் வசூலித்த 10 ஹாலிவுட் படங்களில் 9 படங்கள், முன்பே வந்த ஒன்றின் தொடர்ச்சி அல்லது முன்கதை. மிச்சமிருந்த 'விக்கட்' கூட மேடையில் பல வருஷம் ஓடிய இசை நாடகம்.

உடனே என் வயதுக்காரர்கள், "எங்க காலத்துல எல்லாமே ஒரிஜினல்" என்பார்கள். நம்பாதீர்கள். துப்பறியும் படங்களுக்கே இலக்கணம் என்று சொல்லப்படும் 'மால்டீஸ் ஃபால்கன்' 1941-இல் வந்தது. அதே நாவலை அதே வார்னர் பிரதர்ஸ் 1931-இல் ஒரு தடவையும் 1936-இல் ஒரு தடவையும் எடுத்திருந்தது. மூன்றாவது தடவைதான் பலித்தது. சொன்ன கதையையே சொல்வது பாவம் என்றால், வருஷா வருஷம் பாரதக் கூத்துப் பார்க்க விடிய விடிய உட்கார்ந்த நம் பாட்டன்மார் அத்தனை பேரும் பாவிகள்.

இப்போது இது இத்தனை கூடிப்போனதற்குக் காரணம் பணம். 2020-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' 2-ஆம் பாகத்தைச் செய்ய ஆன செலவு சுமார் 22 கோடி டாலர். 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போன சோனியின் தாளில் அந்த எண் இருந்தது. மறைக்க வேண்டியதை மார்க்கர் பேனாவால் சரியாக அடிக்காமல் விட்டதால் ஊருக்கே தெரிந்துபோனது! இத்தனை பணம் போடுகிறவர், சம்பந்தம் பேசுகிறவர் மாதிரி, தெரிந்த குடும்பமா என்றுதான் முதலில் விசாரிப்பார். அவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

நான் சொல்ல வந்தது வேறு விஷயம். 1970-களில் ஜார்ஜ் லூகாஸ் என்ற இளம் டைரக்டருக்கு 'ஃப்ளாஷ் கார்டன்' மேல் பித்து. 1930-களில் பத்திரிகையில் படக்கதையாக வந்து, பிறகு தியேட்டரில் தொடர்படமாக ஓடிய விண்வெளிக் கதை அது. அதைத் திரும்ப எடுக்கத்தான் அவர் உரிமை கேட்டுப் போனார். கிடைக்கவில்லை. சரி, நாமே ஒன்று எழுதுவோம் என்று உட்கார்ந்தார். இரண்டு ஸ்டுடியோக்கள் வேண்டாம் என்றன. ஃபாக்ஸ் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1977-இல் வந்தது 'ஸ்டார் வார்ஸ்'.

அடுத்து 1981. நின்டெண்டோ அமெரிக்காவுக்கு அனுப்பிய 'ரேடார் ஸ்கோப்' மெஷின்கள் விலைபோகாமல் குடோனில் தூங்கின. அதே மெஷினுக்குள் வேறு விளையாட்டைப் போட்டு விற்றாக வேண்டும். வேலை ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் வந்தது. கீரை தின்று சண்டை போடும் பாப்பாய், அவர் காதலி, முரடன் புளூட்டோ, இவர்களை வைத்துச் செய்வதாகத் திட்டம். உரிமை அப்போது கைகூடவில்லை. முரடன் இடத்தில் ஒரு குரங்கையும் பாப்பாய் இடத்தில் ஒரு தச்சரையும் வைத்தார். 'டாங்கி காங்' பிறந்தது. அந்தத் தச்சர்தான் நம்ம மரியோ. (மீசை ஏன் என்றால், இருந்த கொஞ்சப் புள்ளிகளில் வாய் வரைய முடியவில்லை. தொப்பி வைத்தால் தலைமுடி வரைய வேண்டாம்.)

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஃப்ளாஷ் கார்டனும் பாப்பாயும் கிங் ஃபீச்சர்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் படக்கதைகள். ஒரே வீட்டுப் பண்டத்தைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் இரண்டு பேர்! மறு வருஷமே, 1982-இல், பாப்பாய் விளையாட்டையும் நின்டெண்டோ வெளியிட்டது. இந்த அரங்கத்தில் அதை ஆடியவர் யாராவது உண்டா? 2023-இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' படமோ 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

உங்கள் தலைமுறையிலும் உதாரணம் உண்டு. 'ஹார்வெஸ்ட் மூன்' என்ற ஜப்பானிய விவசாய விளையாட்டில் பின்னால் வந்த பாகங்கள் பழைய ருசியில் இல்லை என்று எரிக் பரோன் என்பவருக்குக் குறை. படம், இசை, புரோகிராம் எல்லாம் ஒற்றை ஆளாகவே நாலரை வருஷம் உட்கார்ந்து செய்து, 2016-இல் 'ஸ்டார்டியூ வேலி'யை வெளியிட்டார். 4 கோடிப் பிரதிக்கு மேல் விற்றாயிற்று.

இந்த மூன்று பேரில் யாரும் "ஒரிஜினலா யோசிக்கணும்" என்று சபதம் போட்டு உட்காரவில்லை. மூன்று இடத்திலும் ஆரம்பம் ஒரு பழைய சரக்குதான். அதன் பெயர் கிடைக்காததால் அதில் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தாங்களே உண்டாக்க வேண்டியதாயிற்று.

ஆகவே இரண்டாம் பாகம் எது வந்தாலும் நான் ஒன்று செய்து பார்ப்பேன்: பெயரை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? 30 வருஷம் கழித்து 2015-இல் ஜார்ஜ் மில்லர் எடுத்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' பெயரே இல்லாமலும் நிற்கும். 1991-க்குப் பிறகு வந்த நாலு 'டெர்மினேட்டர்' படங்கள் என் கணக்கில் நிற்காது. கேப்காம் கம்பெனி 'ரெசிடென்ட் ஈவில்' 4-ஆம் பாகமாகத் தொடங்கிய ஒரு வேலை தடம் மாறிப் போனது. கையில் விலைபோகிற பெயர் இருந்தும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, 2001-இல் 'டெவில் மே க்ரை' என்று தனியாக வெளியிட்டார்கள். அந்த மேலாளர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

எனக்குள்ள கவலை, இன்றைக்கு ஒரு சின்ன லூகாஸ் போய்க் கேட்டால் கதவைச் சாத்த மாட்டார்கள் என்பதுதான். "வாப்பா, 9-ஆம் பாகத்தை நீயே எடு" என்று நாற்காலி போடுவார்கள். கேரத் எட்வர்ட்ஸ் 2010-இல் சொற்பச் செலவில் 'மான்ஸ்டர்ஸ்' எடுத்தார். உடனே 2014-இல் 'காட்ஸில்லா', 2016-இல் ஸ்டார் வார்ஸ் வரிசையில் 'ரோக் ஒன்'. சொந்தக் கதையான 'தி கிரியேட்டர்' வர 2023 ஆயிற்று. 2025-இல் மறுபடியும் 'ஜுராசிக்'. கெட்டிக்காரர்தான். ஆனால் நடுவில் எழுதாமல் போன கதைகள் எத்தனையோ!

தம்பி, தங்கைகளே, பெரிய கம்பெனியில் 5-ஆம் பாகத்துக்கு மரம் செடி வரைகிற வேலை கிடைத்தால் தாராளமாகப் போங்கள். வீட்டு வாடகை கட்டியாக வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தக் கம்ப்யூட்டரில் நீங்கள் செய்வதும் கம்பெனிக்கே சொந்தம் என்று சில இடங்களில் ஒரு வரி இருக்கும். அதை மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. லூகாஸ் ஃபாக்ஸிடம் சம்பளத்தைக் கூட்டிக் கேட்காமல், அடுத்த பாகங்களின் உரிமையையும் பொம்மை விற்பனை உரிமையையும்தான் எழுதி வாங்கினார். 2012-இல் டிஸ்னி அவர் கம்பெனியை வாங்கக் கொடுத்த விலை 400 கோடி டாலருக்கு மேல்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய லேப் கட்டடத்தில் இருப்பேன். பாதியில் நிற்கிற விளையாட்டு இருந்தால் பென் டிரைவில் கொண்டு வாங்க, ஆடிப் பார்க்கலாம். ஆர்டர் வாங்கியவர்கள் அந்தத் தாளையும் எடுத்து வாங்க.