கடவுளைக் கடவுளுக்காகவே நேசிப்போம்



பொதுக்காலத்தின் 13ஆம் ஞாயிறாகிய இன்று, மத்தேயு நற்செய்தியின் 10ஆம் பிரிவிலிருந்து நாம் கேட்கும் ஆண்டவரின் சொற்கள் சற்றுக் கடினமானவை. தந்தையையோ தாயையோ, மகனையோ மகளையோ தம்மைவிட மிகுதியாக நேசிப்பவர் தமக்கு ஏற்றவர் அல்லர் என்கிறார் இயேசு. பெற்றோரை மதிக்கக் கற்றுத் தந்த கடவுள் இப்படிச் சொல்லலாமா என்று நம் மனம் கேட்கிறது.

ஆனால், பெற்றோரை நேசிக்க வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லவில்லை. கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிக்கொண்டு பெற்றோரைக் கைவிட்ட பரிசேயரை அவர் கடுமையாகக் கண்டித்தார் என்பதையும் இதே நற்செய்தியில், 15ஆம் பிரிவில் காண்கிறோம். அவர் கேட்பது ஒன்றே: நம் உள்ளத்தில் முதலிடம் யாருக்கு?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வாலேயே பதில் சொன்னவர் நம் மண்ணின் புனிதர் தேவசகாயம். 1712ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அரண்மனை அலுவலர். குடும்பத்தில் அடுக்கடுக்காக இழப்புகள் வந்து அவர் மனமுடைந்திருந்தபோது, குளச்சல் போரில் சிறைபிடிக்கப்பட்டுப் பின் மன்னரின் படைத்தலைவரான டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார்.

யோபு நூலின் தொடக்கத்தில் சாத்தான் ஒரு கேள்வி கேட்கிறான். யோபு பயன் கருதாமலா கடவுளுக்கு அஞ்சி நடக்கிறார்? கொடுத்ததை எடுத்துவிட்டால் அப்போதும் நிலைத்திருப்பாரா? நீலகண்டபிள்ளையின் மனத்தில் யோபுவின் வரலாறு ஆழமாகப் பதிந்தது. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் ஆனார்.

திருமுழுக்குப் பெற்றதால் அவருடைய துன்பங்கள் தீர்ந்துவிட்டனவா? இல்லை, பெருகின. சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகியதும் பலருடைய வெறுப்பைத் தேடித் தந்தது. 1749இல் கைதானார். பதவி போயிற்று, மதிப்பு போயிற்று. எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். முன்பு இழந்தவை அவரைக் கேளாமல் போனவை. இப்போது இழந்தவையோ, கடவுளை விடமாட்டேன் என்று அவர் உறுதியாக நின்றதால் போனவை. 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் குருவோ துறவியோ அல்லர். நம்மைப் போல் குடும்ப வாழ்வு வாழ்ந்த பொதுநிலையினர்.

அன்பு நேயர்களே, நாம் நேர்ச்சை வைக்கிறோம், திருத்தலம் செல்கிறோம், நவநாள் செபம் சொல்கிறோம். இவை நல்லவை, பிள்ளைகள் தந்தையிடம் கேட்பதில் தவறு இல்லை. ஆனால், மகளுக்கு வரன் அமையவில்லை, மகனுக்கு வேலை கிடைக்கவில்லை, நோய் தீரவில்லை என்றால், அப்போதும் நாம் அவரோடு இருப்போமா? கொடுக்கல் வாங்கல் நின்றதும் நின்றுவிடுவது உறவு ஆகாது.

எனவே, இந்த வாரம் ஒன்று செய்வோம். நாள்தோறும் பத்து நிமிடம் ஆண்டவர் திருமுன் அமர்வோம். எதையும் கேட்காமல், அவரோடு இருப்பதற்காகவே அமர்வோம். அவருக்கு முதலிடம் கொடுத்த உள்ளத்தில் தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளைக்கும் இடம் குறைவதில்லை. அவரிடமிருந்து பெறும் அன்பால் அவர்களை இன்னும் நன்றாக நேசிக்கக் கற்றுக்கொள்வோம்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, உம் கொடைகளுக்காக நன்றி கூறுகிறோம். அவற்றைவிட மேலாக உம்மையே நேசிக்கும் உள்ளத்தை எங்களுக்குத் தாரும். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.