பஸ் நம்பரும் பாடம்தான்



ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என் வேலை. அதில் ஒரு பையன் நாள் முழுக்கப் பஸ் நம்பர்தான் சொல்வான். "அந்தப் பேச்சை நிறுத்துங்க டீச்சர்" என்றார் அம்மா. ஒரு மாதம் நிறுத்தப் பார்த்தேன். காதைப் பொத்திக்கொண்டு அவன் அழுததுதான் மிச்சம். தப்பு என்னுடையது. பிறகு தெரிந்தவர்களிடமெல்லாம் பழைய டிக்கெட்டுகளை வாங்கிச் சேர்த்தேன். கூட்டல், சில்லறைக் கணக்கு, "எங்கே போகணும்?" என்று கேட்டால் பதில், எல்லாம் அதிலேயே வந்தது.

பேச்சே வராத பிள்ளைகளுக்கு? 1985-இல் அமெரிக்காவின் டெலவேரில் பாண்டி, ஃப்ராஸ்ட் என்ற இருவர் ஒரு முறையைத் தொடங்கினார்கள். (பாண்டி என்றதும் மதுரைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்!) வேண்டிய பொருளின் படத்தைப் பிள்ளை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும், உடனே அந்தப் பொருள் கிடைக்கும். அட்டையும் கோந்தும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். நம் வீட்டு இட்லியையே படம் பிடித்து ஒட்டலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. இருந்தும் அந்தப் பையனை மூன்று பள்ளிகளில் சேர்க்கவில்லை. இங்கே தலைமையாசிரியர்களாக இருக்கும் நண்பர்களே, ஜூன் மாதம் அவனைக் கூட்டிக்கொண்டு உங்களிடம்தான் வரப்போகிறேன். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.