டேப்பும் மிஷினும் நம்ம சொத்து

(கூட்டமைப்பின் தையல் தொழில் உறுப்பினர்களுக்கான ஒரு நாள் பயிற்சியில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் வந்த கடன் விண்ணப்பங்களில் தையல் மிஷின் வாங்கத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் மிஷினுக்கு முன்னால் இன்னொன்றைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. நம்ம கழுத்தில் தொங்குகிற இஞ்ச் டேப். சந்தையில் சில்லறைக் காசுக்கு வாங்குகிற சாமான்தானே என்று அதை யாரும் பொருட்டாக நினைப்பதில்லை.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிப் பாவாடை 60 தைக்க ஆர்டர் வந்தது. அளவைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு அக்கா இடுப்புப் பட்டி வெட்டினார். இன்னொரு அக்கா மடிப்பு வைத்துப் பாவாடையைத் தயார் செய்தார். இரண்டையும் சேர்க்கும்போது பார்த்தால், 26 அங்குலப் பட்டிக்கு பாவாடை அரை அங்குலம் அதிகமாக நிற்கிறது. ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும். "நான் சரியாத்தான் அளந்தேன்" என்று இரண்டு பேரும் சொல்கிறார்கள். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். ஒருத்தர் டேப் புதுசு, இன்னொருத்தர் டேப் பல வருஷம் உழைத்து நீண்டுபோனது. 60 பாவாடையும் பிரித்துத் தைத்தார்கள். கூலி போச்சு, கொடுக்கவேண்டிய நாளும் தவறிப்போச்சு. அதைவிட, இரண்டு பேரும் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவே இல்லை.

அந்த நீண்ட டேப்பை வைத்து அதே அக்கா அவ்வளவு வருஷமும் ஜாக்கெட் தைத்திருக்கிறார், ஒரு புகாரும் வரவில்லையே, எப்படி? யோசித்துப் பாருங்க. ஆளையும் அந்த டேப்பிலேயே அளந்தார், துணியையும் அதிலேயே அளந்தார். தப்புக்குத் தப்பு சரியாப் போச்சு. வீட்டுத் தையலில் இது தெரியவே தெரியாது. தாளில் அளவு எழுதி வெளியிலிருந்து ஆர்டர் வரும்போதும், நாலு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போதும்தான் மாட்டிக்கொள்வோம். நம்ம குழுக்கள் இப்போது போய்க்கொண்டிருப்பது அந்த வழியில்தான். அதனால்தான் இதை இவ்வளவு நேரம் சொல்கிறேன்.

டேப் சரியா என்று பார்ப்பது சுலபம். எவர்சில்வர் மீட்டர் ஸ்கேல் ஒன்று வேண்டும். 100 சென்டிமீட்டர் என்பது 39 அங்குலம் 3 நூல். (கொத்தனார், ஆசாரி சொல்கிற அதே நூல்தான், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.) ஸ்கேல் பக்கத்தில் டேப்பை இழுக்காமல், சுருக்கம் இல்லாமல் படுக்கப் போடுங்கள். ஸ்கேல் முடிகிற இடத்தில் டேப்பில் 39 அங்குலம் 3 நூல் நிற்கவேண்டும். அந்த அக்காவின் டேப்பில் 38முக்கால்தான் நின்றது. அப்படியென்றால் 60 அங்குல டேப், நிஜத்தில் 61 அங்குலம் ஆகிவிட்டது. ஒரு அடி ஸ்கேலை வைத்து மாற்றி மாற்றி அளக்காதீங்க. ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு சேரும்.

டேப் முனையில் இருக்கிற தகடு ஆடுகிறதா என்றும் பாருங்கள். தகடு கழன்றுபோனால் முதல் அங்குலமே குறைந்துபோகும். சிலர் அதற்காக ஒன்றிலிருந்து ஆரம்பித்து அளந்துவிட்டு, கடைசியில் ஒன்றைக் கழிக்க மறந்துவிடுவார்கள். அந்த வம்பே வேண்டாம், டேப்பை மாற்றிவிடுங்கள்.

வாங்கும்போது இரண்டு கையிலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி கொடுத்தால் வேண்டாம். உள்ளே கண்ணாடி இழை வைத்த டேப் அவ்வளவு சீக்கிரம் நீளாது, அதைக் கேட்டு வாங்குங்க. ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்டிமீட்டரும் இருக்கட்டும். கம்பெனி, பள்ளி ஆர்டர்களில் சென்டிமீட்டரில் எழுதி வரும். ஒரு அங்குலம் 2.54 சென்டிமீட்டர். மனக்கணக்காக இரண்டரை என்று போட்டால், 40 அங்குலத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் உதைக்கும். மாற்றிக் கணக்குப் போடாமல் எழுதின அளவிலேயே அளப்பதுதான் நல்லது.

அப்புறம், துணிமூட்டை கட்ட டேப், பிள்ளைகள் விளையாட டேப், இஸ்திரி போடும்போது அடியிலே டேப்! இதெல்லாம் நான் வீடு வீடாகப் போகும்போது பார்ப்பதுதான். தளர்வாகச் சுருட்டி டப்பாவில் போட எவ்வளவு நேரம் ஆகும்? கத்தரிக்கும் அப்படித்தான். துணிக் கத்தரி துணிக்கு மட்டும். பிள்ளைகளின் அட்டை, பேப்பர் பக்கம் அது போகக்கூடாது.

இப்போது மிஷினுக்கு வருவோம்.

எது வாங்கலாம் என்று கேட்டால் நான் திருப்பி ஒன்று கேட்பேன்: உங்க கையில் இன்றைக்கு எவ்வளவு வேலை இருக்கிறது? பக்கத்து வீட்டு அக்கா பவர் மிஷின் வாங்கிவிட்டார் என்று நாமும் வாங்கக்கூடாது. பவர் மிஷின் நிமிஷத்துக்கு 4000, 5000 தையல் போடும். நாளெல்லாம் ஒரே மாதிரி வேலை இருந்தால்தான் அதற்குத் தீனி. மாதம் பத்து ஜாக்கெட், நாலு சுடிதார் தைக்கிறவருக்குக் கால் மிதி மிஷினே போதும். வேலை கூடினால் அதிலேயே சின்ன மோட்டார் மாட்டிக்கொள்ளலாம். தவணை மாதாமாதம் வந்து நிற்கும், ஆர்டர் அப்படி வந்து நிற்காது.

பவர் மிஷின்தான் என்றால் மோட்டாரைக் கேளுங்கள். பழைய கிளட்ச் மோட்டார், நீங்கள் தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும், சத்தமும் போடும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டும்தான் ஓடும், வேகத்தையும் நாம் குறைத்து வைக்கலாம். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் கரண்ட் பில்லில் மிச்சமாகும்.

பழைய மிஷின் வாங்குவதில் தப்பில்லை. நூல் கோக்காமல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, தாளைப் பிடித்து இழுக்காமல் ஓட்டிப் பாருங்கள். ஓட்டை எல்லாம் சம தூரத்தில் நேர்கோடாக விழவேண்டும். ஊசித் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்று ஆடினால் விட்டுவிடுங்கள். துணியைத் தள்ளுகிற பல்லை விரலால் தடவுங்கள், மழுங்கியிருந்தால் அதை மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். அந்த மிஷினுக்கு ஊசியும் பாபினும் நம்ம ஊர்க் கடையில் கிடைக்குமா, மெக்கானிக் எத்தனை மைலில் இருக்கிறார் என்றும் விசாரியுங்கள். வாங்கிய பில் உங்க பெயரில் இருக்கட்டும். கடன் உங்க பெயரில், பில் மட்டும் ஏன் வீட்டுக்காரர் பெயரில்?

பராமரிப்பில் நான் அதிகம் பார்ப்பது எண்ணெய் விஷயம். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் விடாதீங்க. நாளானால் அது பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், மிதிக்கவே முடியாது. "மிஷின் கனமாயிருச்சு, கால் வலிக்குது" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் காலில் இல்லை, எண்ணெயில்! தையல் மிஷின் எண்ணெய் என்றே கேட்டு வாங்குங்கள், தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். தினமும் தைக்கிறவர்கள் வேலை முடிந்ததும் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விட்டு, சும்மா கொஞ்சம் ஓட்டி, மறுநாள் முதலில் கழிவுத் துணியில் தைத்துவிட்டு அப்புறம் நல்ல துணியை வையுங்கள். பெல்ட்டில் எண்ணெய் படக்கூடாது. பவர் மிஷினில் அடியில் தொட்டி இருக்கும், அதில் அளவுக்கோடு வரை எண்ணெய் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

பல்லுக்கு அடியிலும் பாபின் கேஸிலும் நூல் பஞ்சு அடையும். வாரம் ஒரு முறை தகட்டைக் கழற்றிச் சின்ன பிரஷால் தட்டுங்கள். வாயால் ஊதாதீங்க, ஈரம் பட்டுத் துரு பிடிக்கும். மோட்டார் மிஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும்.

ஊசி உடைகிற வரை காத்திருக்கவேண்டாம். முனை மழுங்கினாலே துணியில் இழை இழுக்கும், தையல் விட்டு விட்டு விழும். மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, தடித்த துணிக்கு 16 என்று மூன்று நம்பரும் டப்பாவில் இருக்கட்டும். தையல் சரியில்லை என்றதும் எல்லாத் திருகையும் திருகாதீங்க. மேலே ஒரு கலர், பாபினில் ஒரு கலர் நூல் போட்டு ஒரு கோடு தையுங்கள். அடியில் மேல்நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது, அல்லது கோத்தது தப்பு. பாபின் நூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம் அதிகம். முதலில் பிரித்துக் கோத்துப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும், மெக்கானிக் கூலி மிச்சம்.

சேர்ந்து ஆர்டர் எடுக்கும் குழுக்கள் ஒவ்வொன்றும் பொது நிதியில் ஒரு எவர்சில்வர் மீட்டர் ஸ்கேல் வாங்கித் தலைவி வீட்டில் வையுங்கள். ஆர்டர் ஆரம்பிக்கிற அன்றைக்கு எல்லோர் டேப்பும் அதில் பார்க்கப்படவேண்டும். தீர்மான நோட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கூட்டமைப்பு ஸ்கேல் இதோ மேஜையில் இருக்கிறது. எல்லோரும் பையில் டேப் கொண்டுவந்திருப்பீங்க. டீ வருவதற்குள் வரிசையாக வாங்க, பார்த்துவிடலாம்.