கையெழுத்துப் போடாதவர்களின் மண்



மறைந்த தோழரின் நினைவைப் போற்றும் இந்த மேடையில் நாம் ஒரே ஒரு கேள்வியைப் பேசுவோம். மண்ணைப் பற்றிய ஒப்பந்தங்களில் நம் கையெழுத்து எங்கே?

வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரிலிருந்து தொடங்குவோம். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். 1956-இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்தன. 1962 ஆகஸ்ட் 16-இல் அது நடைமுறைக்கு வந்தது. காலனி ஆட்சி ஒழிந்ததில் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கொடி மாறியதால் பட்டா மாறிவிடவில்லை. சேரி மக்கள் பிறர் நிலத்தில் கூலிக்கே இறங்கினார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அது சென்னை மாகாணத்து ஆணை. பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது. அங்கும் நிலம் பறிபோனது. 1994-இல் காரணை நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். ஆனாலும் மீட்கக் கேட்பதற்கு அவர்கள் கையில் ஓர் ஆணை இருந்தது. நம்மிடம் அதுவும் இல்லை.

இது பழங்கதை என்று விட முடியாது. பாகூர் மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. புதுச்சேரியின் இருப்பு 41 கோடி டன்னுக்கு மேல் என்கிறது அரசின் கணக்கு. பக்கத்திலேயே நெய்வேலி. நாளை தோண்ட வந்தால் யாரைக் கேட்பார்கள்?

2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தைப் படியுங்கள். மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக் குடும்பத்தையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று அது ஏற்கிறது. இது போராடிப் பெற்ற உரிமை. ஆனால் தனியார் நிறுவனத்துக்கு வேண்டிய 80 சதவீதச் சம்மதத்தை எண்ணும்போது, நிலம் அல்லது வீடு பறிபோகும் குடும்பமும் அரசு நிலம் ஒப்படைத்த குடும்பமும் மட்டுமே கணக்கில் வரும். அரசு நிறுவனம் எடுத்தால் அந்தச் சம்மதமும் தேவையில்லை. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடும் நம் பெண்கள் பாதிக்கப்படுவோர் பட்டியலில் இருப்பார்கள், சம்மதிப்போர் பட்டியலில் இருக்க மாட்டார்கள்.

இருளர் நிலை இன்னும் மோசம். புதுச்சேரியின் பழங்குடிப் பட்டியலில் அவர்கள் சேர்ந்ததே 2016-இல்தான். ஐந்தாம் அட்டவணைப் பகுதி இங்கே எதுவும் இல்லை. எனவே அங்குள்ள கிராமசபைக்குச் சட்டம் தரும் சம்மத உரிமையும் இல்லை.

கனடாவின் ஆதிக்குடிகள் தங்களைத் தேசங்கள் என்று சொல்லிக்கொண்டுதான் சுரங்க நிறுவனங்களோடு ஒப்பந்தம் பேசுகிறார்கள். முன்கூட்டியே, முழு விவரத்தோடு, வற்புறுத்தலின்றிச் சம்மதம் கேட்க வேண்டும் என்ற 2007 ஐ.நா. பிரகடனத்துக்கு இந்தியாவும் வாக்களித்தது. நம்மைப் பூர்வத் தமிழர் என்றார் அயோத்திதாசர். அந்தச் சொல்லைப் பெருமைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதாது. இந்த மண்ணைப் பற்றி எங்களைக் கேட்காமல் முடிவு செய்யாதே என்று சொல்லவும் அது வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. ஊருக்குப் போய் ஒரு நோட்டு எடுங்கள். எந்தக் குடும்பம், யார் நிலத்தில், எத்தனை ஆண்டாக வேலை செய்கிறது என்று எழுதுங்கள். ஏரியையும் புறம்போக்கையும் மேய்ச்சலையும் நம்பியிருப்பவர்களையும் எழுதுங்கள். மூன்று ஆண்டுக்குச் சான்று கேட்கும் நாள் வந்தால் அந்த நோட்டு நம் கையில் இருக்க வேண்டும். தோழருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.

ஜெய்பீம்.