இரண்டு வாரம் தூக்கமில்லையா?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரியம் முடிந்தது, பந்தலைப் பிரித்தாயிற்று, உறவுக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். துக்கம் அப்படிக் கிளம்பிப் போய்விடுமா?

துக்கம் நோயல்ல. ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, கைவேலை ஓடவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். செத்துவிடலாமா என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

போனால் என்ன செய்வார்கள்? உட்காரவைத்துக் கேட்பார்கள்: எப்போதிருந்து, ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, குடிப்பழக்கம் உண்டா என்று. எல்லோருக்கும் மாத்திரை கிடையாது; பலருக்குப் பேச்சே சிகிச்சை. மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இது தெரியாமல் பத்தாம் நாளே 'கேட்கலை' என்று நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருப்பவர்கள் கள்ளக்குறிச்சிக்கு வந்து போனால் ஒரு நாள் கூலி போச்சு. அவர்களுக்கும் 14416 இருக்கிறது. 2022-இல் தொடங்கிய 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை எண் அது. இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். பேசத் தயங்குபவருக்காக வீட்டில் இன்னொருவரும் கூப்பிடலாம். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. கூடவே, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய் இந்த எண்ணையும் கூப்பிடுங்கள்.