ஓராண்டுத் தலைமை

(அறக்கட்டளை விழாவின் இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)



இளையோர் பொதுப்பணி அமைப்புகளிற் சேர்வது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தனர். 'தொண்டு செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டு அமர்வது எளிது. ஆனால் இங்கே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கடை, படிப்பு, வேலை தேடல் ஆகியவற்றுக்கிடையே வந்தவர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் தா என்றால், எதற்கு என்று வினவும் உரிமை அவர்களுக்கு உண்டு.

ஜேசீஸ் என்று நம்மிடையே வழங்கும் அமைப்பையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஹென்றி கீசன்பியர் என்னும் இளைஞர் 1910-இல் தொடங்கியது ஒரு நடனக் கழகம். பழைய நடனங்கள் மறைந்துவிடக் கூடாதே என்னும் கவலையே அதற்குக் காரணம். அந்த நட்பு வட்டத்திலிருந்து 1915 அக்டோபர் 13 அன்று, ஊர்நலத்தை எண்ணும் இளைஞர் சங்கம் ஒன்று பிறந்தது. உடன் நின்றோர் 32 பேர்; கீசன்பியருக்கு வயது 23. 1944-இல் மெக்சிகோ நகரில் அது உலக அமைப்பாயிற்று. 1949-இல் இந்தியாவில் கால்கொண்டது.

இதன் விதிகளுள் இரண்டு என் மனத்தைக் கவர்ந்தவை. உறுப்பினர் வயது 18 முதல் 40 வரை. தலைவர் பதவி ஓராண்டுக்கு மட்டுமே. ஆண்டு முடிந்தால் நாற்காலியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்க வேண்டும். நம் ஊர்ச் சங்கங்களை நினைத்துப் பாருங்கள். இருபது ஆண்டுகள் ஒருவரே தலைவர். அவர்க்குப் பின் அவர் மைந்தர். (மேடையில் இருப்போர் பொறுத்தருள்க.) ஓராண்டே காலம் என்று அறிந்தவர், தை மாதத்திற் செய்ய வேண்டியதை ஆடிக்குத் தள்ளமாட்டார். தமக்குப் பின் வருபவரைத் தேடிப் பழக்குவதும் அவர் கடமையாகிவிடுகிறது.

கூட்டக் குறிப்பு எழுதுதல், கணக்கு ஒப்படைத்தல், மாற்றுக்கருத்துடையவரைச் சினவாமற் கேட்டல், நான்கு பேர் முன்னே நாத்தடுமாறாமற் பேசுதல் ஆகியன வகுப்பறையில் முழுமையாகக் கைவருவன அல்ல. வகுப்பறையிலேயே வாழ்நாளைக் கழித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

குறையும் கூறவேண்டும். அமெரிக்க ஜேசீஸ் நெடுங்காலம் பெண்களை முழு உறுப்பினராக ஏற்கவில்லை. அவர்கள் இணை உறுப்பினர் ஆகலாம். வாக்கும் இல்லை, பதவியும் இல்லை. மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரக் கிளைகள் இவ்விதியை மீறிப் பெண்களைச் சேர்த்தன. தலைமை அக்கிளைகளை நீக்க முனைந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1984-இல் பெண்களுக்குச் சார்பாக முடிந்தது. நம் சிதறால் மலையில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பகவதிக்குப் பொன்னணி ஈந்த குணந்தாங்கிக் குறத்தியார் என்னும் சமணப் பெண் துறவியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. பண்டைக் காலத்திலேயே பெண்ணின் கொடையைக் கல்லில் பொறித்த மண்ணில், மகளை மாலைக் கூட்டத்திற்கு அனுப்ப இன்றும் தயங்குகிறோம். பெற்றோர் கவலையை நான் அறிவேன். அமைப்பாளர்களிடம் கூட்ட நேரத்தை முன்னதாக வைக்கச் சொல்லுங்கள், மகளைத் தடுக்காதீர்கள்.

'உதவ மனம் இருந்தாற் போதாதா, அமைப்பு எதற்கு?' என்பர் சிலர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சலையும் மணக்குடியையும் சிதைத்தது. மணக்குடிப் பாலமே பெயர்ந்து போயிற்று. அந்நாட்களில் மனம் இல்லாதவர் யார்? ஆயினும் கடலோர ஊர்கள் பலவற்றில், உடுத்தவியலாப் பழந்துணிகள் தெருவோரம் குவிந்து கிடந்தன. எந்த ஊருக்கு எது தேவை எனக் கேட்டறிந்து, பட்டியலிட்டுப் பகிர்ந்தளிக்கும் பழக்கம் ஒரே இரவில் வருவதன்று.

கல்லூரியில் இருப்போர்க்கு நாட்டு நலப்பணித் திட்டம் உண்டு. காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் முகாம் என்பது அதன் ஒழுங்கு. சான்றிதழுக்காகச் சேர்வோரே மிகுதி. அது குற்றமன்று, முகாமில் மண்வெட்டி பிடித்த பிறகு பலர் மாறிவிடுகின்றனர். ரோட்டராக்ட், லியோ ஆகியனவும் உள.

எதிற் சேர்வது? முதலில் விருந்தினராக இரண்டு மூன்று கூட்டங்களுக்குச் சென்று பாருங்கள். பொன்னாடைக்கும் புகைப்படத்திற்கும் பாதி நேரம் செல்லுமாயின் எழுந்து வந்துவிடுங்கள். சென்ற ஆண்டு நட்ட மரக்கன்றுகளுக்கு இவ்வாண்டு தண்ணீர் ஊற்றுபவர் யார் என்று கேளுங்கள். சந்தா எவ்வளவு, அது எவ்வாறு செலவாகிறது, கணக்கைப் புதிய உறுப்பினரும் பார்க்கலாமா என்று கேளுங்கள். விடை தயங்காமல் வந்தால் படிவத்தை வாங்கிக்கொள்ளலாம்.