தராசைக் கேளுங்கள்

கானா, டோகோ, பெனின் பக்கத்து மலைப்பாம்பு ஒன்று, பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பந்து மலைப்பாம்பு என்றே பெயர். அமெரிக்காவில் இதை வீட்டில் வளர்ப்பவர்கள் ஏராளம். எப்போது இணை சேர்க்கலாம்? அனுபவசாலிகள் வயதை மட்டும் கேட்பதில்லை, தராசை எடுக்கிறார்கள். ஆணுக்குச் சுமார் 700 கிராம் போதும். பெண்ணுக்கு 1,500 கிராமாவது வேண்டும்; அதற்கே பெரும்பாலும் மூன்று வருடம் பிடிக்கும். ஏன் இந்தக் கண்டிப்பு? சினையானதும் பல பாம்புகள் இரையைத் தொடாது. முட்டையிட்ட பிறகும் அவற்றைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மாதம் பட்டினியாகவே அடைகாக்கும். அவசரப்பட்டு எலிகளாகத் திணித்து எடையேற்றுகிறவர்களும் உண்டு. அதில் ஏறுவது ஊளைச்சதைதான். ஒரு வருடம் பொறுத்தால் என்ன? நல்ல பராமரிப்பில் 30 வருடம்கூட வாழும் உயிர் அது.